ரிசலமாங் இறுகிப்போச்சு, 24க்கு முன் உதவி தேவை

யூலன்ட்_அடுப்படி:
வணக்கம். 24ஆம் திகதி நத்தார் இரவு மருமகன்ரை தாய் தகப்பன் எங்கட வீட்டை வருகினம். அவையள் டெனிஷ் ஆக்கள். வாத்து மருமகன் பொறுப்பு, ரிசலமாங் (ஆறின பால்கஞ்சியில அடிச்ச கிறீமும் பாதாமும் கலந்து, செரி சோஸோட குடுக்கிற டெனிஷ் நத்தார் இனிப்பு) என்ரை பொறுப்பு. ஒத்திகைக்கு நேற்றுச் செய்து பார்த்தன். கால் கிலோ பாஸ்மதியை நல்லாக் கழுவி, ஒரு லீட்டர் பாலில் அவிச்சு, இரவு பிரிட்ஜில் வைச்சன். காலமை பார்த்தால் கத்தியால வெட்டலாம் போல கிடக்கு. அடிச்ச கிறீமைச் சேர்க்க, சோறு கட்டி கட்டியா நிக்குது, கிறீமும் அமுங்கிப் போச்சு. செரி சோஸ் முதல் தடிப்பா வந்து பிறகு தண்ணியாப் போச்சு. தடிக்க உருளைக்கிழங்கு மாதான் போட்டனான். இண்டைக்கு 22. என்ன செய்யலாம்?

பனங்கற்கண்டு:
அக்கா, அரிசியை மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். பாஸ்மதி ஆறினால் இறுகும். பிரியாணியில் அதை உதிரியாக நிற்க வைக்கும் குணமே இங்கே எதிரி. டென்மார்க்கில் எந்தக் கடையிலும் குறோத்றீஸ் என்று பால்கஞ்சிக்கான உருண்டை அரிசி இருக்கும். இல்லாவிட்டால் ரிசோட்டோ அரிசி. சம்பா வேண்டாம், புழுங்கல் என்றால் பால் சரியாகத் தடிக்காது.

அரிசியைக் கழுவவும் வேண்டாம். கை பரபரக்கும், எனக்குத் தெரியும்! ஆனால் நீங்கள் கழுவி ஊற்றும் அந்த மாவும் பாலைத் தடிப்பாக்க உதவுவதுதான்.

225 கிராம் அரிசியை 3 டெசிலீட்டர் (300 மில்லிலீட்டர்) தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்க விட்டு, பிறகு ஒரு லீட்டர் கொழுப்புப் பாலும் வனிலாவும். தண்ணீர் முதலில் போனால் அடிப்பிடிப்பது குறையும். திரும்பக் கொதிக்கும் வரை அடியைக் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். பிறகு மூடி, மெல்லிய நெருப்பில் 35, 40 நிமிடம்.

ஓர்ஹுஸ்_தம்பி:
நெருப்பில் வைத்துக் காவல் நிற்க நேரமில்லை என்றால் டெனிஷ் ஆக்களின் பழைய வழி இருக்கு. கொதி வந்ததும் பானையைப் பேப்பரால் சுற்றி, கட்டிலில் போர்வைக்குள் இரண்டு மணித்தியாலம் விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே வேகும், அடிப்பிடிக்க வழியே இல்லை. மூடி இறுக்கமானதா என்று மட்டும் பாருங்கள், கட்டில் உங்களுடையது.

இன்னொன்று: நாளைக்கே கூடுதலாகக் காய்ச்சுங்கள். 23 இரவு பால்கஞ்சியைச் சூடாக, கறுவாச் சீனியும் ஒரு துண்டு பட்டரும் போட்டுச் சாப்பிடுவது இங்கே வழக்கம். மிச்சம்தான் மறுநாள் ரிசலமாங் ஆகிறது. 24க்கு உரியதை முதலே எடுத்து வைத்துவிட்டு மற்றதுக்கு உப்புப் போடுங்கள்.

யூலன்ட்_அடுப்படி:
நன்றி தம்பி. இப்ப கிடக்கிற கட்டியை எறியிறதோ? கிறீம் ஏன் அமுங்கினது எண்டும் விளங்கேல்லை.

பனங்கற்கண்டு:
எறியாதீர்கள். பால் விட்டு மெல்லச் சூடாக்கினால் இளகும், வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். சம்பந்தி வீட்டுக்கு வைக்க வேண்டாம்.

கிறீம் அமுங்கியது கட்டியை உடைக்க நீங்கள் போட்ட அடியில். குளிர்ந்த கஞ்சியை முதலில் கொஞ்சம் அடிக்காத கிறீம் விட்டுத் தளர்த்துங்கள். 5 டெசிலீட்டர் கிறீமை மென்மையாக நிற்கும் அளவுக்கு மட்டும் அடித்து, மூன்று தரமாக, அகப்பையால் கீழிருந்து மேலே மடித்துக் கலக்கவும். கஞ்சி உள்ளுக்குள் இளஞ்சூடாக இருந்தாலும் கிறீம் உருகும். அகலத் தட்டில் பரப்பினால் கெதியா ஆறும், ஆறியதும் பிரிட்ஜுக்குள் போகட்டும். சோற்றை இரவிரவாக வெளியே விடக்கூடாது. சீனி கடைசியில், சுவை பார்த்து.

மாவும்_பாலும்:
சோஸ் விஷயம் நான் சொல்கிறேன். கிழங்கு மா போட்டபின் நீண்ட நேரம் கொதித்தால் தடிப்பு உடைந்து தண்ணீராகும். போத்தல் செரியின் சாற்றைக் கொதிக்க வைத்து இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் கரைத்த மாவை மெல்லிய தாரையாக விட்டுக் கிளறுங்கள். தடித்ததும் பழத்தைப் போட்டு நிறுத்திவிடுங்கள். பரிமாறும்போது சோஸ் சூடாக, கஞ்சி குளிராக இருக்க வேணும்.

ஓர்ஹுஸ்_தம்பி:
பாதாமை மறக்க வேண்டாம். ரிசலமாங்குக்குள் ஒரே ஒரு முழுப் பாதாமை ஒளித்து வைப்பார்கள், அது கிடைத்தவருக்குப் பரிசு. 150 கிராம் அளவில் கொதிநீரில் ஊற வைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். பெரிய துண்டுகளாக நறுக்குங்கள், அப்போதுதான் ஒளித்து வைத்த அந்த ஒரு முழுப் பாதாம் எது என்று வாயில் சட்டென்று தெரியாது. கிடைத்தவர் கன்னத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருப்பார், மற்றவர்கள் வயிறு வெடிக்கத் தின்று தேடுவார்கள். பரிசுக்கு மாசிப்பான் (பாதாம், சீனி அரைத்த இனிப்பு) பன்றி வாங்கலாம்.

யூலன்ட்_அடுப்படி:
பேரனுக்கு மூன்று வயது, முழுப் பாதாம் பயமாக் கிடக்கு.

மாவும்_பாலும்:
அவனுக்குப் பாதாம் போடுவதற்கு முன்பே தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். பரிசு அவனுக்கும் ஒன்று வாங்கி வைத்தால் மேசையில் சண்டை வராது.