ரோஸ்டர் சிஸ்டம் (யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த வேலை என்று பிரிக்கும் மென்பொருள்): ஏர்போர்ட் கிரவுண்ட் ஸ்டாஃப் அனுபவங்கள்

ரேம்ப்_தம்பி:
மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர் 4, சென்னை. ரன்வேயை மூடிவிட்டார்கள். எங்களை ரிலீவ் பண்ண வேண்டியவர்களால் தெருமுனையைக்கூடத் தாண்ட முடியவில்லை, அதனால் காலை ஷிஃப்ட் ஆட்களே ராத்திரியும் இருந்தோம். விடியற்காலையில் ஈர யூனிஃபார்மோடு டிராக்டர் பக்கத்தில் நிற்கிறேன், போன் அதிர்கிறது: "ஷிஃப்ட் தொடக்கம். பணி: புஷ்பேக்." நான் முந்தின நாள் மதியமே வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்திருப்பதாக ரோஸ்டர் சிஸ்டத்தின் கணக்கு. சூப்பர்வைசரிடம் காட்டினேன். "சிஸ்டத்துல நீ ஃப்ரெஷ்ஷாதான்பா இருக்க" என்றார். ராத்திரி முழுக்கக் கண் மூடாதவன் விமானத்தைத் தள்ள வேண்டுமா? அந்தப் பேச்சு இன்னும் மனதை அறுக்கிறது.

பிளானிங்_டெஸ்க்:
தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் சிஸ்டத்தைத் திட்டுவதை ஏற்க மாட்டேன். விமான அட்டவணையைப் பார்த்து, எந்த நேரத்துக்கு எத்தனை லோடர், எத்தனை டிரைவர் என்று முதலில் கணக்குப் போடும். அதை வைத்து ஷிஃப்ட் பிரிக்கும். பெயர் போடுவது கடைசியில்தான். நீங்கள் அங்கேயே நின்றது அதற்கு எப்படித் தெரியும்? டூட்டி மேனேஜர் உங்கள் நேரத்தைத் திருத்தியிருக்க வேண்டும்.

உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் கோளாறில் திரைகள் நீலமாகி நின்றதே, 2024 ஜூலை 19, அன்று நாங்கள் வெள்ளைத்தாளில் ரோஸ்டர் எழுதினோம். யாருடைய ஏர்சைடு டிரைவிங் பர்மிட் (விமானங்கள் நிற்கும் பகுதியில் வண்டி ஓட்டும் அனுமதி) காலாவதி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று திகைத்து நின்றேன்.

எல்லோருக்கும் சொல்கிறேன். கூடுதல் நேரம் நின்றால் உடனே மெசேஜில் எழுதிப் போடுங்கள், வாய்வார்த்தை போதாது. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் ஆப்பிலேயே மாற்றுங்கள். ரோஸ்டர் வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பர்மிட் தேதியை நீங்களே பாருங்கள், அது முடிந்தால் டிரைவர் பணி உங்களுக்கு வராது, அலவன்சும் போகும். அப்புறம், ஓய்வு நேரம் குறைந்தால் வேலையை எடுக்குமுன் கேளுங்கள், முடித்த பிறகு அல்ல.

வீல்சேர்_அக்கா:
டெஸ்க் சார், தம்பிதான் மெசேஜ் போட வேண்டுமா? ஆள் வெளியே போனாரா என்று பார்க்காமல் அடுத்த ஷிஃப்டை ஏற்றுகிற சிஸ்டத்தை அப்படியே விடுவதா?

வீல்சேர் தள்ளும் எங்களுக்கு ஒரு பயணிக்கு இவ்வளவு நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு பாட்டி, செக்யூரிட்டி தாண்டியதும் என் கையைப் பிடித்து, "கண்ணு, பாத்ரூம் போகணும்" என்றார். புடவையைச் சரிசெய்து அழைத்து வருவதற்குள் ஆப் சிவப்பாகிவிட்டது, அடுத்த பயணியை வேறொருவருக்கு மாற்றிவிட்டது. மாதக் கடைசியில் அது என் பெயரில் தாமதம். காரணம் எழுத அதில் ஓர் இடம் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை. வேறு ஏர்போர்ட்டில் அப்படி இருந்தால் சொல்லுங்கள், காட்டிக் கேட்கிறேன்.