பிரான்ஸ் நீண்டகால விசா: பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை, உதவுங்கள்

வணக்கம். கணவர் பிரான்சில் பணியாற்றுகிறார். எனக்கும் நீண்டகால விசா கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் கிளம்புகிறேன். போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் கட்டணம் கட்டி விசாவைச் செல்லுபடியாக்க வேண்டும். அதில் எனக்குக் குழப்பமில்லை.

தூக்கத்தைக் கெடுப்பது பிறப்புச் சான்றிதழ்தான். அதில் அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில் 'ஒய்' என்ற எழுத்தில் முடிகிறது. என் பாஸ்போர்ட்டில் 'ஐ'. நேற்றிரவு இரண்டையும் விளக்கடியில் அருகருகே வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. இத்தனை ஆண்டுகளாக யாருமே கவனிக்கவில்லை! அங்கே சமூகப் பாதுகாப்பு எண் வாங்க இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

திருத்தினால் அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல அரசு இடும் சான்று), பிரெஞ்சு மொழிபெயர்ப்பு எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் எடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தை அங்கே ஏற்கிறார்களா? மொழிபெயர்ப்பை அங்கே நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பது நல்லதா, இங்கேயே முடித்துக்கொண்டு போவதா?

விசா ஏஜென்ட் ஒருவர் "ஒன்றும் ஆகாது" என்கிறார். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கிளம்ப மனம் வரவில்லை. இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் என்ன செய்தீர்கள், எத்தனை நாள் ஆனது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.