தோற்றுத் தோற்று அணி கட்ட முடியுமா? காட்பாடி கூடைப்பந்து வட்டத்தில் ஒரு சண்டை

காட்பாடி கார்த்தி:
ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பாதியில் நின்ற வாக்குவாதத்தை இங்கே தொடர்கிறேன். என் கட்சி இதுதான்: அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் நடுவாந்திர அணியாகக் காலம் தள்ளுவதைவிட மோசம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று சீசன் தோற்றுத் தொலை, டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, தோற்ற அணிகளுக்கு முன்வரிசை வாய்ப்பு அதிகம்) முதல் ஐந்துக்குள் ஒரு பிக், அதாவது தேர்வு முறை, வாங்கு, சூப்பர்ஸ்டாரைப் பிடி. 1997-இல் டங்கன் முதல் பிக். அவர் இல்லாமல் ஸ்பர்ஸ் அணிக்கு ஐந்து கோப்பை ஏது? இளசுகளை வளர்க்கிறோம், வளர்க்கிறோம் என்பதெல்லாம் நல்ல பிக் கிடைக்காதவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

அகழி முதலை:
தோற்றால் பிக் கிடைக்கும் என்று யார் சொன்னது? முன்வரிசை யாருக்கு என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. 2019-இல் மாற்றிய விதிப்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் வாய்ப்பு ஆளுக்கு 14 சதவீதம்தான். முன்பு கடைசி அணிக்கு 25 இருந்தது. குலுக்கலில் எடுப்பது முதல் நான்கு இடங்கள் மட்டும், அதனால் கடைசி அணி ஐந்தாவதுவரை சறுக்கலாம். சறுக்கவும் செய்கிறது. டெட்ராய்ட் 2023-லும் கடைசி, 2024-லும் கடைசி (அந்த சீசனில் தொடர்ந்து 28 தோல்வி!), இரண்டு தடவையும் கிடைத்தது ஐந்தாவது. 2025-இல் கடைசியாக வந்த யூட்டாவுக்கும் அதே ஐந்தாவது. முதல் பிக்கை அள்ளிக்கொண்டு போனது 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-லேயே தடை செய்தாகிவிட்டது, நீ இன்னும் சீட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

பாகாயம் அக்கா:
கார்த்தி தம்பி, பள்ளிக்கூடத்தில் நான் அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் எவன் உயரமோ அவனைப் பிடித்து ரிங்குக்கு அடியில் நிறுத்திவிடுவார்கள். கையைத் தூக்கினால் போதும், ரீபவுண்ட் அவனுக்கு. மண்டலப் போட்டியில் கோப்பையும் வரும். பிளஸ் டூ வருவதற்குள் மற்ற பையன்களும் வளர்ந்துவிடுவார்கள். இவனுக்கு இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வராது, பத்தடி தள்ளி நின்று ஷூட் பண்ணத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தேவைப்படவில்லை. பிக் சரியாகத்தான் இருந்தது, அப்புறம் நடந்ததுதான் சரியில்லை.

சத்னாம் சிங்கை நினைத்துப் பாருங்கள். 2015-இல் டல்லாஸ் 52-ஆவதாக எடுத்தது, என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். ஏழடிக்கு மேல் உயரம். ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடவில்லை.

காட்பாடி கார்த்தி:
அக்கா, 52-ஆவது பிக்கில் வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை அதுதானே. நீங்கள் என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும்.

அகழி முதலை:
முளையிலே தெரிந்ததா? யோகிச் 2014-இல் 41-ஆவது பிக். அவர் பெயர் திரையில் வந்தபோது டிவியில் டாக்கோ கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. டென்வர் அணி அவரை அவசரப்படுத்தாமல் ஒரு வருடம் செர்பியாவிலேயே ஆடவிட்டது. 2023-இல் கோப்பை.

காட்பாடி கார்த்தி:
டென்வருக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அதே டிராஃப்டில் 16-ஆவது பிக்கான நூர்கிச்சையும் யோகிச் ஆடும் அதே சென்டர் இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்களே? தெரிந்திருந்தால் எதற்கு? அதிர்ஷ்டத்தைத் திட்டம் என்று சொல்லக் கூடாது.

சத்துவாச்சாரி தம்பி:
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். எங்கள் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டு காமன்வெல்த்திலும் பளுதூக்கித் தங்கம் வாங்கினார். அவரை எந்த டிராஃப்டில் எடுத்தார்கள்? ஊரில் ஜிம் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது.

காட்பாடி கார்த்தி:
தம்பி, அது தனி ஆள் விளையாட்டு. இங்கே ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு என்று ஒன்று இருக்கிறது. டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த பையனை நான்கு வருடம்தான் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ள முடியும். வளர்க்கவே மூன்று வருடம் ஆனால், மிச்சம் ஒரே வருடம். அப்புறம் பெரிய தொகை கேட்பான். அடுத்தவன் அணிக்கு வளர்த்துக் கொடுத்த கதையாகிவிடும். முதல் நாளே ஆடக்கூடியவன் வேண்டும், அவன் மேலேதான் கிடைப்பான்.

பாகாயம் அக்கா:
மேலே கிடைத்தவர்களை வைத்து பிலடெல்பியா என்ன செய்தது? 2015-16-இல் 82 ஆட்டத்தில் வெறும் 10 வெற்றி. எம்பீட், சிம்மன்ஸ், ஃபுல்ட்ஸ் என்று வரிசையாக உச்சி பிக்குகள். ஃபுல்ட்ஸுக்காக மூன்றாவது பிக்கோடு இன்னொரு பிக்கையும் சேர்த்து பாஸ்டனுக்குக் கொடுத்தார்கள். அந்த மூன்றாவதில் பாஸ்டன் எடுத்தது டேட்டம், 2024-இல் கோப்பை வாங்கினான். பிலடெல்பியா இத்தனை தோற்றும் கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களில் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. இலவு காத்த கிளி.

இன்னொன்று. 2011-இல் லெனர்டு 15-ஆவது பிக். கல்லூரியில் மூன்று புள்ளி எறிதலில் 25 சதவீதம். ஸ்பர்ஸில் சிப் எங்கெலாண்ட் என்ற ஷூட்டிங் கோச், பையனின் எறிதலை முழுக்க மாற்றவில்லை, பந்தைக் கையிலிருந்து விடும் இடத்தை மட்டும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். முதல் சீசனிலேயே 37-ஐத் தாண்டியது. அந்த எங்கெலாண்டை 2022-இல் கூட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? ஓக்லஹோமா. 2025-இல் கோப்பை யாருக்கு?

காட்பாடி கார்த்தி:
ஓக்லஹோமாவை நீங்களே இழுத்தது நல்லது. எங்கெலாண்ட் வருவதற்கு முன் இரண்டு சீசன் 22 வெற்றி, 24 வெற்றி. அந்தத் தோல்வியில் வந்தவன்தான் இரண்டாவது பிக் ஹோம்கிரென்.

அகழி முதலை:
அந்த ஹோம்கிரென் முதல் வருடம் முழுக்கக் காயத்தில் உட்கார்ந்திருந்தான், அணி 40 ஆட்டம் ஜெயித்தது. அந்த அணியின் நட்சத்திரம் ஷே 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்து வாங்கிய ஆள். ஜேலன் வில்லியம்ஸ் அதே பேரத்தில் கிடைத்த 12-ஆவது பிக். அதே அணியின் டார்ட்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை.

காட்பாடி கார்த்தி:
ஹோம்கிரென் இல்லாமல் கோப்பை வந்ததா? 40 வெற்றிக்கு நேரடி பிளேஆஃப் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதைத்தான் நடுவாந்திரம் என்கிறேன்.

பாகாயம் அக்கா:
அந்த 40 வெற்றி சீசனில் ஷேயும் வில்லியம்ஸும் இரவுக்கு முப்பது நிமிடத்துக்கு மேல் ஆடினார்கள் தம்பி. கோல்டன் ஸ்டேட் 2020-இல் இரண்டாவது பிக்காக வைஸ்மனை எடுத்து, கோப்பை அவசரத்தில் ஆட நேரம் கொடுக்க முடியாமல் 2023-இல் கைமாற்றி விட்டது. உன் உச்சி பிக்தான் அதுவும். அவனை எங்கே ஆட வைத்திருப்பாய், அதைச் சொல்.

காட்பாடி கார்த்தி:
வைஸ்மனை எடுத்தே இருக்கமாட்டேன் அக்கா. மூன்றாவதாகப் போன லமெலோவை எடுத்திருப்பேன்.

அகழி முதலை:
இப்போது சொல்வாய்.