ஷெட்யூலருக்கு ஒரு சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் கணினியில் விளையாட்டுகள் திக்காமல் ஓட என்ன செய்யலாம் என்று சொல்லும் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளியன்று பூட்டப்படுகிறது. ஷெட்யூலர் (ப்ராசஸரில் அடுத்து எந்த நிரல் ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி), டைம் ஸ்லைஸ் (ஒரு நிரல் ஒரே மூச்சில் ஓடக் கிடைக்கும் நேரம்), பிரீஎம்ப்ஷன் (ஓடும் நிரலைப் பாதியில் இறக்குவது), நைஸ் (ஒரு நிரல் மற்றவற்றுக்கு எவ்வளவு இடம்விடும் என்ற எண்) ஆகிய நான்குக்கும் தமிழ்ச்சொல் பாக்கி. வரைவில் முதலாவதற்குச் "செயலித் திட்டமிடுவி" என்று இருக்கிறது. எனக்கு இதில் பெரிய தயக்கம். செயலி என்றதும் கைப்பேசியில் நிறுவும் ஆப்தான் இன்று நினைவுக்கு வருகிறது. ப்ராசஸரையும் அதே சொல்லால் குறிக்கிறோம். "செயலித் திட்டமிடுவி" என்று படிப்பவர் ஏதோ நாட்காட்டி ஆப் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கருத்துகளை விரைந்து தாருங்கள்.
க.

---

> "செயலித் திட்டமிடுவி" என்று இருக்கிறது

செயலியை விடுங்கள், திட்டம் என்பதே பிழை. ஷெட்யூலர் எதையும் முன்கூட்டித் திட்டமிடுவதில்லை. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு ஃபிரேமுக்கு, கிடைப்பது 6.9 மில்லிவினாடி. அதற்குள் விளையாட்டின் முதன்மை இழை (நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத்தொடர்) சுட்டியின் அசைவுக்காகவோ கிராபிக்ஸ் அட்டைக்காகவோ காத்திருந்து பலமுறை உறங்கி எழும். எழும் ஒவ்வொரு முறையும் "இந்தக் கோரில் (ப்ராசஸரின் ஒரு மையத்தில்) இப்போது யார்?" என்ற கேள்வி புதிதாக எழுகிறது.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 2023-இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து இதற்கான விடை இரண்டு படிகளில் கிடைக்கிறது. தன் பங்குக்கு மேல் தின்றவர்கள் முதலில் ஒதுக்கிவைக்கப்படுகிறார்கள். மிஞ்சியவர்களில் யாருடைய கெடு முதலில் முடிகிறதோ அவருக்கு இடம். எட்டுக் கோர் கணினியில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரத் துண்டு ஏறத்தாழ 3 மில்லிவினாடி. விளையாட்டு தன் பங்கைத் தின்றுவிட்டு எழுகிறது, அதே கோரில் இரண்டு கம்பைல் வேலைகள் (மூலநிரலை இயங்கும் நிரலாக்குபவை) காத்திருக்கின்றன என்றால் 6 மில்லிவினாடி போய்விடும். அந்தச் சட்டகம் தவறும். சராசரி நொடிக்கு 120 சட்டகம் என்று காட்டிக்கொண்டே கண்ணுக்குத் திக்கித் தெரிவது இதனால்தான்.

இதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: முறை. "இன்னைக்கு யார் முறை?" என்று கேட்காத கண்மாய்க்கரை உண்டா? மடையைத் திறந்து முறை வைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி செய்வதும் இதே வேலை. என் முன்மொழிவு: முறைவைப்பி.
ந.

---

ந. அவர்களுக்கு,

விளக்கம் அருமை. ஆனால் இலங்கையில் இது இடிக்கும். எங்கள் தகவல் தொழினுட்பப் பாடநூல்களில் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்பது முறைவழி, ப்ராசஸர் முறைவழியாக்கி. நீங்கள் சொல்வதை எங்கள் மாணவர் எழுதினால் "முறைவழி முறைவைப்பி" என்று வரும். இரண்டு "முறை"க்கும் இரண்டு பொருள். எங்களுக்கு டைம்டேபிள் நேரசூசி; அதிலிருந்து நேரசூசியாக்கி என்றால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.
இ.

---

நண்பர்களே,

நேரசூசி என்றாலும் அட்டவணை முன்பே எழுதப்பட்டிருக்கிறது என்றுதானே பொருள்? ந. மறுத்தது அதைத்தான்.

முறைக்கு இன்னொரு வலு உண்டு. அது வரிசையை மட்டும் குறிப்பதில்லை, நீதியையும் குறிக்கும். "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்" என்ற குறளை நினையுங்கள். 2007-இல் இங்கோ மோல்னார் லினக்ஸில் சேர்த்த ஷெட்யூலரின் பெயரிலேயே "முற்றிலும் நேர்மையான" என்ற அடை உண்டு. வரிசை, நீதி இரண்டையும் ஒரே சொல்லில் தரும் மொழி நம்முடையது. இதைக் கைவிடக்கூடாது.

டைம் ஸ்லைஸுக்குக் கன்னல் என்பேன். முல்லைப்பாட்டில் "பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்" அரசனிடம் "குறுநீர்க் கன்னல் இனைத்து" என்று அறிவிக்கிறார்கள். சிறிதளவு நீரால் பொழுதை அளக்கும் கருவி அது. கன்னலுக்குக் கரும்பு என்றும் பொருள் உண்டல்லவா? கரும்பு கணுக்கணுவாகப் பிரிந்திருப்பதுபோல் பொழுதும் பிரிக்கப்படுவதால் இரண்டுக்கும் ஒரே வேர் என்று கருதுகிறேன். நாழியிலிருந்து நாழிகை வந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நாழி உள்ளே துளையுள்ள மூங்கில். மூங்கிலுக்கும் கணு உண்டு...
பு.

---

பு. ஐயா, முல்லைப்பாட்டு வரிக்கு நன்றி. ஆனால் "கன்னல் நீளத்தைக் குறைக்கவும்" என்று அமைப்புப் பக்கத்தில் கண்டால் எந்த விளையாட்டுக்காரரும் அதைத் தொடமாட்டார். நேரத்துண்டு போதும்.

நைஸ்தான் உண்மையில் ஆபத்தானது. வரைவில் "முன்னுரிமை எண்" என்று இருக்கிறது. நைஸ் -20 முதல் 19 வரை போகும்; எண் கூடக் கூட உரிமை குறையும். முன்னுரிமை என்று எழுதினால் விளையாட்டுக்கு 19 கொடுத்துவிட்டுத் திக்கல் ஏன் கூடியது என்று தேடுவார்கள். "விட்டுக்கொடுப்பு எண்" என்றால் எண்ணின் திசை சொல்லிலேயே தெரியும்.

கணக்கைப் பாருங்கள். நைஸ் 0-க்கு எடை (பங்கைப் பிரிக்கும் அளவு) 1024, 19-க்கு 15. ஒரே கோரில் ஒரு விளையாட்டு இழையும் இரண்டு கம்பைல் வேலைகளும் 0-இல் இருந்தால் விளையாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு. கம்பைல் இரண்டையும் 19-க்குத் தள்ளினால் 1054-இல் 1024, அதாவது 97 விழுக்காடு.

கையேட்டில் விடுபட்ட ஒன்றையும் சேர்க்கவேண்டும். 2011-இல் வந்த 2.6.38 கெர்னல் முதல் ஆட்டோகுரூப் என்று ஒன்று உண்டு. அது இயங்கும் கணினிகளில் ஒவ்வொரு டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) அமர்வும் ஒரு குழு. பங்கு முதலில் குழுக்களுக்குப் பிரிகிறது. டெர்மினலில் நைஸ் 19 போட்டுக் கம்பைல் செய்தாலும் அந்த எண் அக்குழுவுக்குள் மட்டுமே செல்லும். வேறு குழுவில் உள்ள விளையாட்டுக்கு எந்தப் பயனும் இராது. ப்ராக் (/proc) அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழுள்ள ஆட்டோகுரூப் கோப்பில் 19 என்று எழுதினால்தான் முழுக்குழுவும் விட்டுக்கொடுக்கும். "நைஸ் வேலை செய்யவில்லை" என்ற புகார்களுக்கு முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.
ந.

---

விட்டுக்கொடுப்பு எண்ணுக்கு என் முழு ஆதரவு. நேரத்துண்டும் சரி.

பிரீஎம்ப்ஷனுக்கு வந்தவை: முந்துகை, இடைமறிப்பு, முறைபறிப்பு. வன்பொருள் ப்ராசஸரை அழைக்கும் இண்டரப்டுக்குக் குறுக்கீடு என்று ஏற்கெனவே வைத்திருப்பதால் இடைமறிப்பு குழப்பும். முந்துகை, வரிசையில் முன்னால் நிற்பவரை நினைவூட்டுகிறது. ஓடிக்கொண்டிருப்பவர் பாதியில் இறக்கப்படுவது அதில் இல்லை.
க.

---

முறைபறிப்பு என்றால் அநியாயம் நடந்ததுபோல் ஒலிக்கிறதே? நீதி என்று சற்றுமுன் சொன்ன சொல்லையே பறிக்கிறோம். முறைமாற்று என்று வைத்தால் என்ன?
பு.

---

முறைமாற்று கான்டெக்ஸ்ட் ஸ்விட்சுக்கு (ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது) வேண்டும். பாதியில் பிடுங்குவதுதான் இங்கே செய்தி. சொல் அதைச் சொல்லட்டும்.

அதோடு, பிழைச்செய்திகளில் வருவது ஷெட்யூலர் என்ற சொல்தான். அதை முற்றிலும் மறைத்தால் தேடுபவருக்கு வழி அடைபடும். முதல்முறை வரும் இடத்தில் "முறைவைப்பி எனும் ஷெட்யூலர்" என்று எழுதிவிடலாம்.
ந.

---

நேரமாகிவிட்டது. முறைவைப்பி, நேரத்துண்டு, விட்டுக்கொடுப்பு எண், முறைபறிப்பு என்று கோப்பைப் பூட்டுகிறேன். முதல் இடத்தில் ஷெட்யூலரும் இருக்கும். ஆட்டோகுரூப் பத்தி சேர்த்தாயிற்று. இ. அவர்களின் மறுப்பைச் சொற்பட்டியலில் குறித்திருக்கிறேன்.
க.

---

குறித்தமைக்கு நன்றி. இலங்கைப் பதிப்பில் நேரசூசியாக்கி என்றே வைக்கிறோம்.
இ.

---

க., பூட்டியபின் எழுதுவதற்குப் பொறுத்தருள்க. வைப்பி என்பது பிறவினை. "பிறரை வைக்கச் செய்" என்றல்லவா பொருள்படும்? முறைவைப்பான் என்பதே இலக்கணத்துக்குப் பொருந்தும். அடுத்த பதிப்பிலாவது திருத்தவேண்டும். "வைப்பு" என்ற பெயரோடு இகரம் சேர்ந்தது என்று ந. சொல்வாரானால், அப்படி அமைந்த பழஞ்சொல் ஒன்றையாவது காட்டட்டும்.
பு.