ஆக்சஸ் 97 கோப்பு புது ஆக்சஸில் திறக்க மறுக்கிறது

நூலகப்பூனை:
வணக்கம். எங்கள் நூலகத்தின் புத்தகப் பதிவேடு முழுக்க மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸ் 97-இல் செய்தது. செய்து கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. பழைய கணினி படுத்துவிடும் முன் எம்டிபி கோப்பை (பழைய ஆக்சஸ் வடிவம்) பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். புதுக் கணினியில் இருப்பது ஆக்சஸ் 2016. திறந்தால், முந்தைய பதிப்பில் உருவாக்கிய தரவுத்தளம், திறக்க முடியாது என்கிறது. கோப்பின் பின்னொட்டைப் புது ஆக்சஸ் வடிவமான ஏசிசிடிபி என்று மாற்றினால் போதும் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். சரிதானா?

ரிவர்ஸ்கியர்:
பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. 2013 பதிப்பிலிருந்தே 97 வடிவத்தை ஆக்சஸ் திறப்பதில்லை. ஆக்சஸ் 2010 உள்ள கணினி யாரிடமாவது இருக்கிறதா பாருங்கள். அதில் திறந்து ஏசிசிடிபியாகச் சேமித்தால் 2016 வாங்கிக்கொள்ளும். நகலில்தான் கை வைக்க வேண்டும், மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

பழையபைட்டு:
2010 கிடைக்காவிட்டால் எம்டிபி டூல்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. லினக்ஸில் ஓடும், இலவசம். 97 கோப்பையும் படிக்கும், ஒவ்வொரு அட்டவணையையும் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்துத் தரும். ஆனால் படிவம், அறிக்கை, நிரல் எதுவும் வராது. என்னைக் கேட்டால் அட்டவணைதான் சொத்து. படிவத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்று கேட்க வேண்டும். புத்தகப் பெயர்கள் தமிழிலா? எந்த எழுத்துரு?

நூலகப்பூனை:
பாமினி. நண்பரின் ஆக்சஸ் 2010-இல் மாற்றியாயிற்று, ரிவர்ஸ்கியருக்கு நன்றி. ஆனால் பாமினி இல்லாத கணினியில் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! அதோடு, படிவத்தில் தேடு பொத்தானை அழுத்தினால் நிரல் பிழை.

பழையபைட்டு:
எதிர்பார்த்தேன். கோப்பு கெட்டுப்போகவில்லை, அப்படித்தான் முதலிலிருந்தே உள்ளே கிடக்கிறது. எழுத்துருதான் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டியது. யூனிகோடுக்கு மாற்றும்வரை அகரவரிசையும் சரியாக வராது.

மாற்றும்போது ஒரு கண்ணி. பாமினியில் ஆங்கிலச் சின்ன எழுத்து 'என்' ஒற்றைக்கொம்பு, பெரிய எழுத்து 'என்' இரட்டைக்கொம்பு. ஆக்சஸோ பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காமல்தான் ஒப்பிடும். அதனால் ஆக்சஸுக்குள்ளேயே தேடி மாற்றப் போனால் தெ-யும் தே-யும் ஒன்றாகிவிடும். தவிர, கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். வேறு எழுத்துருவில் ஆங்கிலத் தலைப்புகளும் இருந்தால் அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள், இல்லையேல் எழுத்துரு மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழாக்கிவிடும். புத்தகப் பெயர் உள்ள பத்தியைச் சிஎஸ்வியாக எடுத்து, பாமினி-யூனிகோடு மாற்றியில் போட்டு, யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப இறக்குமதி செய்யுங்கள். பதிவு எண்ணும் கூடவே வரட்டும், அதை வைத்துத்தான் பொருத்த முடியும்.

ரிவர்ஸ்கியர்:
பொத்தான் பிழைக்கு: ஆல்ட்+எஃப்11 அழுத்தி, திறக்கும் நிரல் சாளரத்தில் டூல்ஸ், ரெஃபரன்சஸ். 'மிஸ்ஸிங்' என்று எது தொடங்குகிறதோ அதன் டிக்கை எடுங்கள். பெரும்பாலும் பழைய டிஏஓ நூலகமாக (தரவுத்தளத்தை அணுக நிரல் பயன்படுத்தும் துணைத் தொகுப்பு) இருக்கும். ஆக்சஸ் டேட்டாபேஸ் இன்ஜின் நூலகம் டிக் ஆகியிருக்கிறதா பார்த்து, டீபக், கம்பைல் கொடுங்கள். 64-பிட் ஆஃபீஸ் என்றால் நிரலின் 'டிக்ளேர்' வரிகளில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும்.

நூலகப்பூனை:
டிஏஓ 3.5 தான் மிஸ்ஸிங். டிக்கை எடுத்ததும் பொத்தான் வேலை செய்கிறது. சிஎஸ்வி எடுத்தாயிற்று, ஆசிரியர் பெயர்ப் பத்தியும் பாமினிதான் என்று இப்போதுதான் கவனித்தேன்.