கழுநீர் வெப்ப மீட்பு: என் முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு,

'Greywater heat recovery' என்பதற்கு, அதாவது குளித்துக் கழுவி வெளியேறும் வெந்நீரின் வெப்பத்தைத் திரும்பப் பெறுவதற்கு, தமிழில் என்ன சொல் வைப்பது என்பதே கேள்வி. குளியலறையிலும் சலவை இயந்திரத்திலும் இருந்து வெளியேறும் நீரை (greywater) 'சாம்பல் நீர்' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் மாணவர்கள் அதைச் சாம்பல் கரைத்த தண்ணீர் என்றே விளங்கிக்கொள்வார்கள். 'கழுவுநீர்' நல்ல சொல்தான். ஆனால் 'கழிவுநீர்' பக்கத்தில் வந்தால் ஆபத்து: வரைபடத்தில் ஓரெழுத்து பிழைத்தால் குழாயே மாறிவிடும்.

என் தெரிவு 'கழுநீர்'. குடிநீர் போல இதுவும் வினைத்தொகை. அரிசி களைந்து மாட்டுக்கு வைக்கிற தண்ணீருக்கல்லவா அந்தப் பெயர் என்று கேட்பீர்கள். அந்தப் பொருளும் இருக்கட்டும், இதுவும் சேரட்டும். இரண்டுமே கழுவிய பிறகும் பயன் மிஞ்சியிருக்கிற நீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போகும், மலசலகூடத் தண்ணீர் குழிக்குப் போகும். பிரிவினை எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது, பெயர்தான் வேண்டும்.

'மீட்பு' ஏன் பொருத்தம் என்பதைக் கருவியே சொல்லும். நிலைக்குத்தான செப்பு வடிகுழாயைச் சுற்றி, குளிர்நீர் ஓடும் இன்னொரு செப்புக்குழாய் சுருளாக இருக்கும். குளித்த வெந்நீர் உட்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டி வழியும்போது வெப்பம் சுவரைக் கடந்து குளிர்நீருக்கு ஏறும். நீர் இரண்டும் கலப்பதில்லை. குளிர்நாட்டில் 10 பாகையில் வரும் நீர் 20 பாகையளவில் சூடாக்கிக்குப் போகிறது. அடகு வைத்த நகையைப் போல, போன வெப்பத்தில் ஒரு பங்கு அதே வீட்டுக்குத் திரும்புகிறது. 'பரிமாற்றம்' என்றால் இந்தத் திரும்புதல் தெரியாது; 'வெப்பமாற்றி' கருவிக்குப் பெயராக இருக்கட்டும். வெப்பக்காப்பு நன்றாக உள்ள வீடுகளில் அறைகளை வெப்பமாக்கச் செலவாகும் சக்தியைவிட வெந்நீருக்கான சக்தி கூடிவிடுவதும் உண்டு. அங்கேதான் இதற்கு மதிப்பு.

இங்குள்ள கிணற்று நீர் வெதுவெதுப்பானது, இந்தக் கருவியால் எங்கள் வீடுகளுக்குப் பெரிய ஆதாயம் இல்லை. ஆனால் கனடாவில் வீடு கட்டும் எங்கள் சொந்தங்களுக்கும் இங்கே பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் சொல் ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று: கைகழுவும் தொட்டி, மலசலகூடம் எல்லாம் ஒரே குழாயில் இறங்கும் கட்டடங்களும் உண்டு. அங்கே நடப்பதைக் 'கழிவுநீர் வெப்ப மீட்பு' என்றே எழுதுவோம். சமையலறைக் கொழுப்பு நீரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் உங்கள் கருத்து வேண்டும். என்னைக் கேட்டால் கழிவுநீர்ப் பக்கம்.