மறுமொழி: ‘ஊடுருவி’ வேண்டாம், ‘மேவினம்’ சரிவருமா?

வணக்கம்.

வெளியிலிருந்து வந்து குளத்தையும் ஆற்றையும் பிடித்துக்கொள்ளும் உயிரினங்களுக்கு ‘ஊடுருவி’ என்று பெயர் வைக்கலாம் என்றார் சென்னை நண்பர். சொல் சுருக்கமானதுதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அது ஒத்துவராது. ‘ஊடுருவல்’, ‘ஆக்கிரமிப்பு’ இரண்டும் இங்கே போர்க்காலச் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் கிடந்த சொற்கள். ‘வந்தேறி’ என்பதோ மனிதரைப் பார்த்துச் சொல்லும் வசை. இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை அதை உயிரியல் பாடத்தில் படிப்பதை என்னால் ஏற்க முடியாது.

அந்த மனவருத்தத்தை ஒரு பக்கம் வைத்தாலும் பொருளே பிழைக்கிறது. ஊடுருவுவது என்றால் காவலை மீறித் தானாக நுழைவது. இவை அப்படி வரவில்லை. தென் அமெரிக்காவின் ஆகாயத்தாமரையைப் பூவின் அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். 1909 இலேயே இலங்கையில் அதற்கெதிராகச் சட்டம் போட வேண்டியதாயிற்று. சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ப்பெரணி 1939 இல் தாவரவியல் படிப்புக்காகக் கொழும்புக்கு வந்தது. ஆபிரிக்காவின் திலாப்பியா மீனை 1952 இல் உணவுக்காகக் குளங்களில் விட்டார்கள். வன்னியில் அதை ‘ஜப்பான் மீன்’ என்கிறோம், ஜப்பானுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லாதபோதும்.

‘ஆகாயத்தாமரை’ என்ற பெயரிலும் ஒரு சிக்கல். சித்த மருத்துவ நூல்களில் அது வேறொரு மிதக்கும் செடி. தமிழகத்தின் ‘வெங்காயத்தாமரை’ எனக்குப் பிடித்திருக்கிறது. செடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் வைத்த பெயர் அது.

போன மாரி கழிந்ததும் எங்கள் கோயில் குளத்தில் சிரமதானம் செய்தோம். ஒரு செடியைத் தூக்கினால் கறுத்த வேர் ஒரு முழம் தொங்கிச் சேறு சொட்டும். காம்பு வெங்காயம்போலப் புடைத்திருக்கும். நசித்தால் உள்ளே ஈரப் பஞ்சு. அன்றைக்குக் கரையில் நின்ற ஒரு ஆச்சி சொன்னார்: “உது குளத்தை மேவிப் போட்டுது, தம்பி.” படிக்கட்டு மூலையில் நாங்கள் கவனிக்காமல் விட்ட நாலைந்து செடி அடுத்த மாதம் ஒரு பாய் அளவுக்குப் படர்ந்திருந்தது.

மேவுதல். எங்கள் பேச்சில் இதற்கு மேலே பரவி மூடுவது என்றும் பொருள், ஒன்றை விஞ்சி நிற்பது என்றும் பொருள். செடிக்கு முதலாவது, மீனுக்கு இரண்டாவது. ஆகவே ‘மேவினம்’ என்கிறேன்.

வெளியிலிருந்து வந்தது என்பதற்குத் தனிச்சொல் வேண்டும். அதற்கு ‘வரத்து’ போதும். சந்தைக்கு வரத்து, குளத்துக்கு நீர்வரத்து என்று நாளும் புழங்குகிற சொல், யாரையும் குத்தாது. வரத்தெல்லாம் மேவுவதில்லை. எங்கள் புகையிலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்து வரத்துத்தான். தோட்டத்தை விட்டு வெளியே போய் அவை எதையும் அழிக்கவில்லை. நுளம்புப் புழுவைத் தின்னக் கிணற்றில் விடும் கப்பி மீனும் வரத்துத்தான். கிணற்றுக்குள் இருக்கும்வரை சரி, குளத்துக்குப் போனால் கதை வேறு. மறுபக்கம், நம்மூர்ச் சம்புப் புல்லும் சில குளங்களை மூடிவிடுகிறது. அதனால் வெளியிலிருந்து வந்து மேவவும் செய்பவற்றை மட்டும் ‘வரத்து மேவினம்’ என்போம்.

திலாப்பியாவில்தான் நான் தயங்குகிறேன். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பதால் அது வேகமாகப் பெருகும், உவர்நீரையும் தாங்கும். ஆனால் வன்னிக் குளங்களில் வலை வீசுபவர்களின் அடுப்பு அதனால்தான் எரிகிறது. அதை ‘அந்நிய ஆக்கிரமிப்பு இனம்’ என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. மேவினம் என்றால் எந்த இடத்தில், எதை மேவுகிறது என்ற கேள்வி கூடவே வரும். இந்தச் சொல்லில் எனக்குப் பெரிய பிடிப்பே அதுதான்.

‘நல்லூர் மேவிய கந்தன்’ என்று கும்பிடுகிற சொல்லைக் களைக்கு வைப்பதா என்று இங்கேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பக்திப் பாட்டில் மேவுவது ஓரிடத்தில் விரும்பி எழுந்தருளுவது. ஆச்சியின் வாயில் அது வேறு. ஒரு சொல் இரண்டு இடத்திலும் வாழலாம் என்று நினைக்கிறேன். அவர் இன்னும் ஒப்பவில்லை.

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர எங்களுக்கு ஆறில்லை. குளத்தில் தேங்கி நிலத்துக்குள் இறங்கும் மழைதான் கிணற்றுக்குத் தண்ணீர். அதனால் சனசமூக நிலையம் குளக்கரையில் ஒரு பலகை வைக்கப்போகிறது. ‘வீட்டுத் தொட்டிச் செடியையும் மீனையும் இங்கே விடாதீர்கள். இவை மேவினங்கள்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வண்ணம் பூசுபவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இதைவிட நல்ல சொல் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.